வயிற்றுக்குள் பிள்ளை என்ன செய்கிறது? கர்ப்பிணித் தாய்மார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், பின்னர் கல்முனைப் பக்கத்திலும் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்தவள் நான். கிளினிக் நாட்களில் நிறை பார்த்து, பிரஷர் பார்த்து, திரிபோஷாச் சத்துமாப் பொதியைக் கையில் கொடுத்து அனுப்பும் அவசரத்தில் எத்தனையோ கேள்விகள் பதிலில்லாமலே திரும்பிப் போயிருக்கின்றன. "மிஸ், உள்ளே அது என்ன செய்துகொண்டிருக்கும்?" என்ற கேள்விதான் அவற்றில் முதன்மையானது. அதற்கும் அதைச் சுற்றி வந்த மற்றக் கேள்விகளுக்கும் இங்கே ஆறுதலாகப் பதில் எழுதுகிறேன். வாரக் கணக்கெல்லாம் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணப்பட்டது; உங்கள் கர்ப்பிணிப் பதிவேட்டில் இருப்பதும் அதே கணக்குத்தான்.

பிறக்காத பிள்ளைக்கு நடத்தை என்று ஒன்று உண்டா? வெறும் துள்ளல்தானே?

உண்டு. ஸ்கான் படம் அசையும் படமாக வந்த பிறகுதான் இது தெளிவானது. ஒஸ்திரியாவில் பிறந்து நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் பணியாற்றிய ஹைன்ஸ் பிரெக்டல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், கருவில் இருக்கும் பிள்ளைகளை ஒவ்வொரு முறையும் நெடுநேரம் ஸ்கானில் பார்த்து, 1982இல் தாம் கண்டதை வெளியிட்டார்கள். ஒழுங்கற்ற துடிதுடிப்பை அவர்கள் அங்கே காணவில்லை. நெளிதல், திடுக்கிடுதல், கொட்டாவி விடுதல், சோம்பல் முறித்தல், கையை முகத்துக்குக் கொண்டுபோதல் என்று பெயர் வைத்து அடையாளம் காணக்கூடிய அசைவுகளையே கண்டார்கள். பன்னிரண்டு வாரப் பிள்ளை விடும் கொட்டாவி நீங்களும் நானும் விடும் கொட்டாவியைப் போலவே இருக்கும்: வாய் மெல்லத் திறந்து, சற்று நின்று, சட்டென்று மூடும். எந்த அசைவு முதலில், எது பிறகு என்ற வரிசையும் பிள்ளைக்குப் பிள்ளை ஏறக்குறைய ஒன்றே. நாள் மட்டும் சற்று முன்பின்னாகும்.

முதல் அசைவு எப்போது வருகிறது? எனக்கு ஏன் தெரியவில்லை?

ஏழரை வாரத்துக்கும் எட்டு வாரத்துக்கும் இடையில். அப்போது பிள்ளையின் நீளம் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீற்றர், ஒரு கச்சான் பருப்பளவு. பல பெண்களுக்குத் தாம் கர்ப்பமாக இருப்பதே அப்போதுதான் உறுதியாகியிருக்கும். ஒன்பதாம் வாரத்தில் உடம்பு முழுவதும் சேர்ந்து அசையும். கையும் காலும் தனித்தனியாக அசையத் தொடங்கும். பத்தாம் வாரத்தையொட்டித் தலை திரும்பும், கை முகத்தைத் தொடும், மார்பு மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கும். பதினொன்று, பன்னிரண்டில் கொட்டாவி, சோம்பல் முறித்தல், சூப்புதல், விழுங்குதல். பதினைந்தாவது வாரத்தைத் தாண்டும்போது, நிறைமாதப் பிள்ளையிடம் காணும் அசைவு வகைகளில் பெரும்பாலானவை வந்து சேர்ந்துவிடுகின்றன.

இவ்வளவு நடந்தும் உங்களுக்குத் தெரியாமல் இருப்பதற்குக் காரணம், பிள்ளை மிகச் சிறியது, சுற்றிலும் நீர். தலைப்பிள்ளை என்றால் 18 முதல் 20 வாரத்திலும், அடுத்த பிள்ளைகள் என்றால் 16 வாரமளவிலும் உணர்வீர்கள். நஞ்சுக்கொடி கருப்பையின் முன்பக்கச் சுவரில் ஒட்டியிருந்தால் இன்னும் சில நாள் பிந்தலாம். 24 வாரமாகியும் ஒன்றும் உணரவில்லை என்றால் அடுத்த கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டிருக்காமல் போய்ச் சொல்லுங்கள்.

யாரும் சொல்லிக்கொடுக்காமல், தூண்டாமல், அது ஏன் அசைகிறது?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. தொட்டால் சுருங்கும் தொட்டாற்சிணுங்கியைப்போல, வெளியிலிருந்து ஏதாவது பட்டால்தான் உயிர் அசையும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அசைவு உள்ளிருந்தே பிறக்கிறது. ஜேர்மனியில் வில்லியம் பிரெயர் என்பவர் 1885இலேயே கோழி முட்டைக்குள் இருக்கும் குஞ்சைக் கவனித்து இதை எழுதினார்: தொட்டால் உணரும் ஆற்றல் வருவதற்கு முன்பே குஞ்சு அசையத் தொடங்கிவிடுகிறது. மனிதப் பிள்ளையிலும் அப்படித்தான். முள்ளந்தண்டு நரம்பிலும் மூளைத்தண்டிலும் உள்ள நரம்புக் கலங்கள் தாமாகவே துடித்துத் தசைகளை இயக்குகின்றன.

அந்த அசைவே பிறகு உடம்பைக் கட்டுகிறது. மூட்டுகள் மடங்கி நிமிர்ந்தால்தான் மூட்டாக உருவாகும். ஏதோ நோயால் கருவிலேயே அசையாமல் கிடந்த பிள்ளை மடங்கிய மூட்டுகள் இறுகிய நிலையில் பிறக்கிறது. உள்ளே காற்று கிடையாது, பிள்ளைக்கு வேண்டிய ஒட்சிசன் தொப்புள்கொடி வழியாக வருகிறது, ஆனாலும் அது மூச்சு விடுவதுபோல மார்பை அசைக்கிறது. அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் நுரையீரல் ஒழுங்காக வளராது. விழுங்குவதும் அதேபோல, நிறைமாதத்தில் ஒரு நாளைக்கு அரை லீற்றரளவு பன்னீர்க்குட நீரை விழுங்குகிறது. வெளியே வந்தபின் செய்ய வேண்டியதையெல்லாம், தேவை வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே செய்து பழகிவிடுகிறது.

ஒரே தாளத்தில் டக், டக் என்று வெகுநேரம் துடிக்கிறது. பயமாக இருக்கிறது.

அது விக்கல். ஒன்பதாம் வாரத்திலேயே தொடங்குகிறது. பிந்திய மாதங்களில்தான் உங்களுக்குத் தெரிகிறது. தண்ணீர் குடித்து நிறுத்த வேண்டியதில்லை, தானே நிற்கும்.

ஸ்கானில் விரல் சூப்புவதைக் காட்டினார்கள். அது பசியா?

பசியில்லை. கை வாய்க்குப் போவது பிள்ளை வெகு சீக்கிரம் கற்றுக்கொள்ளும் வேலை. வாயைச் சுற்றியுள்ள தோல்தான் உடம்பில் முதலில் தொடுகையை உணரத் தொடங்கும் இடம். தொடக்கத்தில் கை தற்செயலாக முகத்தில் படுகிறது. வாரங்கள் போகப் போக, கை வந்து சேருவதற்கு முன்பே வாய் திறந்து காத்திருக்கிறது. 22 வாரமளவில் கண்ணை நோக்கிப் போகும் கை, வாயை நோக்கிப் போகும் கையைவிட மெதுவாக அணுகுகிறது என்றும் கண்டிருக்கிறார்கள். கண் மென்மையான இடம் என்று அந்தக் கைக்கு எப்படித் தெரிந்தது என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மெய் சிலிர்க்கிறது.

இன்னொன்று. வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் பீற்றர் ஹெப்பர் என்ற ஆய்வாளர், கருவில் எந்தக் கை விரலைச் சூப்பின என்று குறித்துவைத்த 75 பிள்ளைகளை 10 முதல் 12 வயதில் மீண்டும் பார்த்தார். வலக்கை விரலைச் சூப்பிய 60 பேரும் வலக்கைப் பழக்கத்தினராகவே இருந்தார்கள். இடக்கையைச் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கைக்காரர், ஐவர் வலக்கைக்கு மாறியிருந்தனர். ஆகவே உங்கள் பிள்ளை இடக்கையால் கரண்டியைப் பிடித்தால் கையில் தட்டாதீர்கள். அந்தப் பழக்கம் சோற்றுக் கோப்பையைக் காணும் முன்பே தொடங்கியது.

அது எப்போது தூங்குகிறது? நான் படுத்ததும்தானே உதைக்கிறது!

பகலில் நீங்கள் நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் உங்கள் கவனம் வேறெங்கோ இருக்கிறது. சிறு அசைவுகள் தெரிவதில்லை. படுத்ததும் எல்லாம் தெரிகிறது. அதோடு, பிள்ளையே உண்மையில் இரவு தொடங்கும் நேரத்திலிருந்து நள்ளிரவு வரை கூடுதலாக அசைகிறது. இரண்டும் சேர்ந்துதான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கின்றன.

நாளின் பெரும்பகுதியைப் பிள்ளை தூங்கித்தான் கழிக்கிறது. ஆனால் எட்டாம் மாதம் வரை அந்தத் தூக்கத்துக்கு உறுதியான வடிவம் கிடையாது. கண் அசைவு ஒரு பக்கம், இதயத் துடிப்பு ஒரு பக்கம், உடல் அசைவு ஒரு பக்கம் என்று தனித்தனியே ஏறி இறங்கும். 36 வாரத்தை ஒட்டி மூன்றும் ஒன்றாகப் பிணைகின்றன. அதற்குப் பிறகு நான்கு நிலைகளைப் பிரித்துக் காணலாம்: ஆழ்ந்த தூக்கம், கண் உருண்டு கைகால் அசையும் தூக்கம், அசையாமல் விழித்திருத்தல், துடிதுடிப்பாய் விழித்திருத்தல். மூளையின் வெவ்வேறு பகுதிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிவிட்டன என்பதற்கு அது அடையாளம். ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடம் நீடிக்கும். ஒன்றரை மணித்தியாலத்தைத் தாண்டுவது அரிது. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

நீங்கள் மல்லாந்து படுத்தால் பிந்திய மாதங்களில் பிள்ளை கூடுதல் நேரம் அந்த அசைவற்ற நிலைக்குப் போகிறது. கருப்பையின் பாரம் உங்கள் பெரிய இரத்தக் குழாயை அழுத்துவதால், கிடைக்கும் ஒட்சிசனைச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறது போலும். 28 வாரத்துக்குப் பிறகு ஒருக்களித்துப் படுத்துத் தூங்குங்கள் என்று சொல்வது இதனால்தான். விழித்தபோது மல்லாந்து கிடந்தால் பதற வேண்டாம், திரும்பிப் படுத்தால் போதும்.

வயிற்றுக்குள் சத்தம் கேட்குமா?

எங்கள் ஊர்க்காரருக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்துவது எளிது. நிலவு காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீருக்குள் விட்டு மறுநுனியைக் காதில் வைத்து, பாடும் மீனின் ஓசையைக் கேட்ட பழையவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காற்றில் கேட்காத ஓசை, நீரும் மரமும் எலும்பும் சேர்ந்தபோது கேட்கிறது. உங்கள் பிள்ளையும் நீருக்குள்தான் இருக்கிறது.

தாழ்ந்த சுருதியுள்ள ஓசைக்கு முதல் அசைவுகள் 19 வாரமளவில் சில பிள்ளைகளிடம் தெரிகின்றன. 25 முதல் 28 வாரத்துக்குள் ஓசைக்கு நிச்சயமாகப் பதில் கொடுக்கின்றன. கண்ணைச் சிமிட்டும், திடுக்கிடும், இதயம் வேகமாகும். வயிற்றுச் சுவரும் நீரும் கீச்சென்ற உயர்ந்த ஓசைகளைத் தடுத்துத் தாழ்ந்தவற்றை உள்ளே விடுகின்றன. ஆகவே அங்கே சொற்கள் தெளிவாகக் கேட்பதில்லை. பேச்சின் ஏற்ற இறக்கம், நீட்டல் குறுக்கல், தாளம் ஆகியவை கேட்கின்றன. தாயின் குரல் மட்டும் காற்று வழியாக மட்டுமல்லாமல் அவளது உடம்பின் வழியாகவும் போவதால் எல்லாக் குரல்களிலும் வலுவாகக் கேட்கிறது.

கோவிலில் குளிர்த்திச் சடங்கு. பறையும் ஒலிபெருக்கியும் விடிய விடிய. போகலாமா?

போகலாம். ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்காதீர்கள். திடீர் வெடிச்சத்தத்துக்குப் பிள்ளை ஒருமுறை துள்ளும். அது காது கேட்கிறது என்பதன் அடையாளம். அதே சத்தம் மீண்டும் மீண்டும் வந்தால் துள்ளல் குறைந்து நின்றுவிடும், ஏனென்றால் பிள்ளை அந்தச் சத்தத்துக்குப் பழகிவிடுகிறது. பழகிக்கொள்வதுதான் கற்றலின் முதற்படி.

நான் யாசீன் ஓதும்போது பிள்ளை அமைதியாகிறது. பிறந்த பிறகும் அதை அறியுமா?

சாய்ந்தமருதில் ஒரு சகோதரி கேட்டது இது. காரைதீவில் ஒரு தாய் தேவாரத்தைப் பற்றி இதையே கேட்டார். இருவருக்கும் ஒரே பதில்தான்.

1980இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர், பிறந்து மூன்று நாளாகாத பிள்ளைகளின் வாயில் சூப்பியைக் கொடுத்தார்கள். ஒரு விதமாகச் சூப்பினால் தாயின் குரல் கேட்கும். வேறு விதமாகச் சூப்பினால் இன்னொரு பெண்ணின் குரல் கேட்கும். பிள்ளைகள் தாயின் குரல் கேட்கும் விதமாகத் தம் சூப்புதலை மாற்றிக்கொண்டன. 1986இல் டிகாஸ்பரும் ஸ்பென்ஸ் என்பவரும் கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரங்களில் ஒரே சிறுவர் கதையை நாள்தோறும் உரக்க வாசிக்கும்படி தாய்மாரைக் கேட்டார்கள். பிறந்த பிள்ளைகள் புதிய கதையைவிட அந்தக் கதையையே விரும்பின. வேறொரு பெண் வாசித்தபோதும் அப்படியே. ஆகவே கடைசி வாரங்களில் நீங்கள் நாள்தோறும் ஓதுவதன் ஓசையைப் பிள்ளை அடையாளம் காணும் என்று நம்புவதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஓதும்போது அமைதியாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: உங்கள் மூச்சு சீராகி மனம் இறங்கும்போது பிள்ளையின் இதயமும் அசைவும் சேர்ந்து தணிகின்றன.

ஊர்ப் பேச்சைப் பற்றியும் ஒரு செய்தி. 2009இல் வெளியான ஜேர்மன் ஆய்வொன்றில், பிறந்து சில நாளேயான 30 பிரெஞ்சுப் பிள்ளைகளினதும் 30 ஜேர்மன் பிள்ளைகளினதும் அழுகையைப் பதிவு செய்து ஒப்பிட்டார்கள். பிரெஞ்சுப் பிள்ளைகளின் அழுகை தாழத் தொடங்கி மேலே ஏறியது. ஜேர்மன் பிள்ளைகளின் அழுகை மேலே தொடங்கிக் கீழே இறங்கியது. அந்தந்த மொழியின் ராகமே அது. மட்டக்களப்புத் தமிழின் இழுவைக்கு யாரும் இப்படி அளந்து பார்த்ததாக நான் கேள்விப்படவில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகளின் காதிலும் அந்த இழுவை ஏழாம் மாதத்திலிருந்தே விழுகிறது.

அப்பாவின் குரல்?

பிள்ளைக்குக் கேட்கும். எனினும் பிறந்தவுடன் தந்தையின் குரலை மற்ற ஆண்களின் குரலைவிட விரும்புவதாக ஆய்வில் காணவில்லை. தகப்பன்மார் இதைக் கேட்டு மனம் சோர வேண்டாம்; பிறந்த பிறகு அந்தக் குரலையும் கற்றுக்கொள்ளும். எங்கள் பகுதியில் கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதுதான் வழக்கம் என்பதால், பெரும்பாலான பிள்ளைகள் அம்மம்மாவின் குரலையும் கருவிலிருந்தே நாள் முழுவதும் கேட்டுப் பழகுகின்றன. வெளிநாட்டில் வேலை செய்யும் தகப்பன்மார் தொலைபேசியில் பேசும்போது ஒலிபெருக்கியைப் போட்டுப் பேசட்டும், பிள்ளைக்காக இல்லாவிட்டாலும் தாய்க்காக.

அபிமன்யு கருவில் இருந்தே கற்றானே. நாமும் பாடம் சொல்லிக்கொடுக்கலாமா?

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோவில் சடங்கைப் பார்த்து வளர்ந்த ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அருச்சுனன் சக்கரவியூகத்தை உடைக்கும் வழியைச் சொல்லச் சுபத்திரை கேட்டுக்கொண்டிருந்தாள், பாதியில் தூங்கிவிட்டாள், வயிற்றுக்குள் இருந்த பிள்ளை உள்ளே போகும் வழியை மட்டும் அறிந்தது, வெளியே வரும் வழியை அறியவில்லை. இது கதை.

2009இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், தாயின் வயிற்றின் மேல் ஓசையோடு அதிரும் சிறு கருவியை வைத்துப் பார்த்தார்கள். 30 வாரப் பிள்ளை அந்த அதிர்வுக்குப் பழகி, பத்து நிமிடம் கழித்தும் அதை நினைவில் வைத்திருந்தது. 34 வாரத்தில் பழகிய பிள்ளைகள் நான்கு வாரம் கழித்தும் அடையாளம் கண்டன. நினைவு இருக்கிறது, ஆனால் அது ஓசையின், அதிர்வின், சுவையின் நினைவு. பொருள் விளங்காது, எண்ணும் எழுத்தும் ஏறாது. அருச்சுனனுடைய குரலின் ஏற்ற இறக்கம் அபிமன்யுவுக்குப் பழகியிருக்கலாம், வியூகம் பழகியிருக்காது. வயிற்றில் ஒட்டும் ஒலிக்கருவிகளை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். கருவில் இசை கேட்டால் புத்திசாலியாகப் பிறக்கும் என்பதற்கு ஆதாரமில்லை, தூங்கும் பிள்ளையை ஓயாத சத்தம் எழுப்பவும் கூடும்.

அந்தக் கதையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மகன் களத்தில் விழுந்ததற்குத் தாய் தூங்கியது காரணம் என்று எத்தனை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம்! நிறைவயிற்றோடு இருந்த பெண் தூங்கினாள். அவளுக்கு அது தேவை.

நான் சாப்பிடுவதன் சுவை பிள்ளைக்குத் தெரியுமா?

தெரியும். உள்ளி சாப்பிட்ட தாய்மாரின் பன்னீர்க்குட நீரிலேயே உள்ளி வாசம் இருந்ததை 1995இல் கண்டார்கள். 2022இல் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய 100 தாய்மாரில் பெரும்பாலானோருக்குக் கரட் தூள் அல்லது கசப்பான ஒரு கீரையின் தூள் அடைத்த குளிசையைக் கொடுத்து ஸ்கானில் பார்த்தார்கள். கரட் போன பிள்ளைகளின் முகம் சிரிப்பதுபோல விரிந்தது. கீரை போன பிள்ளைகள் உதட்டைச் சுளித்து அழுவதுபோல முகத்தைக் கோணின. அது உண்மையான மகிழ்ச்சியோ வெறுப்போ என்று சொல்ல முடியாது. ஆனால் வேறுபாட்டை உணர்கிறது.

கர்ப்பத்தில் தாய் உண்ட சுவையைப் பிள்ளை பிறகு எளிதாக ஏற்றுக்கொள்கிறது. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு எங்கள் வீடுகளில் உள்ளியும் மிளகும் போட்டுச் சரக்கு அரைத்துக் கறி வைப்பார்கள், பால் சுரக்கச் சுறா வறுப்பார்கள். உள்ளி வாசம் பாலிலும் இறங்கும். வெளியே வந்து எல்லாமே புதிதாக இருக்கும் பிள்ளைக்கு, உள்ளே பழகிய ஒரு வாசம் முலைப்பாலில் மீண்டும் கிடைக்கிறது. முருங்கை இலை, பொன்னாங்காணி, வல்லாரை, சிறுமீன் எல்லாவற்றையும் நீங்கள் விதம் விதமாகச் சாப்பிட இது இன்னுமொரு காரணம்.

கண் தெரியுமா? கிரகணத்தில் வெளியே போனால் ஊனம் வருமா?

இமைகள் 26 வாரமளவில் திறக்கின்றன. உள்ளே முழு இருட்டு இல்லை; நல்ல வெயிலில் மங்கிய செந்நிற வெளிச்சம் போகும். 2017இல் இங்கிலாந்தில் 34 வாரப் பிள்ளைகளுக்கு வயிற்றுச் சுவரின் ஊடாக மூன்று ஒளிப்புள்ளிகளைக் காட்டினார்கள். முகத்தைப் போல மேலே இரண்டும் கீழே ஒன்றுமாக இருந்தபோது, தலைகீழாகக் காட்டியதைவிட அதிகமாகத் தலையைத் திருப்பிப் பார்த்தன. எந்த முகத்தையும் ஒருநாளும் கண்டிராத கண்கள் அவை.

கிரகணத்தால் ஊனம் வராது. சூரியனை வெறுங்கண்ணால் பார்க்காதீர்கள், அது எல்லோருக்கும் பொதுவான புத்திமதி.

அதிகம் உதைத்தால் ஆண் பிள்ளையா? பிறந்த பிறகும் குழப்படி செய்யுமா?

முதலாவதற்கு இல்லை. இரண்டாவதற்கு, மெல்லிய தொடர்பு ஒன்று காணப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். உதையை வைத்துப் பிள்ளையின் குணத்தை முன்கூட்டியே முடிவு கட்டிவிடாதீர்கள்.

கர்ப்பமாக இருந்தபோது நிறைய அழுதேன். வீட்டில் சண்டை. பிள்ளையைப் பாதித்திருக்குமா?

இந்தக் கேள்வியைத் தனியே கூப்பிட்டுக் கேட்பார்கள், குரலைத் தாழ்த்தி. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது வயிற்றில் பிள்ளையோடு ஓடியவர்கள் கேட்டிருக்கிறார்கள். யுத்தத்தில் ஊர்விட்டு ஊர் இடம்பெயர்ந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

ஒருநாள் கோபமும் ஒருநாள் அழுகையும் பிள்ளையைக் கெடுத்துவிடாது. மன அழுத்தத்தின்போது உங்கள் இரத்தத்தில் கூடும் கோட்டிசோல் என்ற சுரப்பின் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதியம் செயலிழக்கச் செய்துவிடுகிறது. கடுமையான அழுத்தம் மாதக்கணக்கில் நீடித்தால் அதைத் தாண்டியும் சில பாதிப்புகள் போகலாம் என்பது உண்மை. 1998இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பனிமழைப் புயலால் வாரக்கணக்கில் மின்சாரமின்றித் தவித்த கர்ப்பிணிகளின் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். பேச்சு, கற்றல் போன்றவற்றில் சில வேறுபாடுகள் தெரிந்தன. ஆனால் அவை பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரிகள். ஒரு பிள்ளையின் தலையெழுத்து அல்ல. பிறந்த பிறகு கிடைக்கும் அணைப்பும் பேச்சும் உணவும் அதில் எவ்வளவோ மாற்றும்.

ஆகவே அழுத தாயைக் குற்றவாளியாக்காதீர்கள். அவளை அழவைத்ததைக் கேளுங்கள். கணவனின் குடியும் அடியும் காரணம் என்றால் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். பல அரச வைத்தியசாலைகளில் இதற்கெனத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. வாழவே பிடிக்காத அளவுக்கு மனம் கனத்தால் அன்றைக்கே சொல்லுங்கள்.

வெற்றிலை போடலாமா?

வேண்டாம். பாக்கும் புகையிலையும் நஞ்சுக்கொடியைத் தாண்டும், பிள்ளையின் நிறையைக் குறைக்கும். மது குடித்தால் சற்று நேரத்திலேயே பிள்ளையின் மூச்சுப் பயிற்சி அசைவுகள் அடங்கிவிடுவதை ஸ்கானில் கண்டிருக்கிறார்கள். வீட்டுக்குள் புகைப்பவர்களை வெளியே அனுப்புங்கள்.

இரட்டைப் பிள்ளைகள் ஒன்றையொன்று அறியுமா?

இத்தாலியில் ஐந்து இரட்டைச் சோடிகளை 14, 18 வாரங்களில் பார்த்தார்கள். மற்றப் பிள்ளையை நோக்கி நீளும் கை, கருப்பைச் சுவரை நோக்கி நீளும் கையைவிட நிதானமாகப் போனது. 18ஆம் வாரத்தில் அந்த நீட்டல்கள் கூடியும் இருந்தன.

கடைசி மாதத்தில் இடம் போதாமல் துடிப்பு குறையும் என்கிறார்களே?

இல்லை, இல்லை, இல்லை. மற்றப் பதில்களையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

எங்கள் பக்கத்தில் 'துடிப்பு' என்றால் பெரும்பாலும் பிள்ளையின் அசைவைத்தான் சொல்கிறோம். அசைவுகளின் எண்ணிக்கை 32 வாரம் வரை கூடிப் பிறகு ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். இடம் நெருக்கமாவதால் அசைவின் தன்மை மாறும்: சுழன்று குத்துவதற்குப் பதிலாக உருளும், தள்ளும், நெம்பும். ஆனால் பிரசவ வலி வரும்வரை, வலி வந்த பிறகும், அசைவு இருக்க வேண்டும்.

படுவான்கரையில் ஒரு பெண், 37 வாரம். அசைவு குறைந்ததை அவள் கவனித்தாள். "நிறைமாதம், ஒடுங்கித்தான் கிடக்கும்" என்று வீட்டில் சொன்னார்கள். இரண்டு நாள் பொறுத்தாள். ஓடத்தில் வாவியைத் தாண்டி, பஸ்ஸைப் பிடித்து அவள் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையின் இதயம் நின்றிருந்தது. முன்கூட்டியே யாரும் அவளுக்கு இதைச் சொல்லியிருக்கவில்லை. அவள் வந்துபோன கிளினிக்கில் நானும் ஒருத்தியாக நின்றிருக்கிறேன். அன்றிலிருந்து 28 வாரம் தாண்டிய ஒருத்தியையும் இதைச் சொல்லாமல் நான் அனுப்பியதில்லை.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நாளொழுங்கு உண்டு. சில காலையில் துள்ளும், சில இரவில். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் பிள்ளையின் நேற்றோடு ஒப்பிடுங்கள். ஐயமாக இருந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வேறு வேலையின்றி அசைவை மட்டும் கவனியுங்கள். இரண்டு மணித்தியாலத்தில் பத்து அசைவுகூட வராவிட்டால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். மேலே சொன்ன தூக்கக் கணக்கை நினைத்துப் பாருங்கள்: ஆரோக்கியமான பிள்ளை அவ்வளவு நேரம் அசையாமல் தூங்குவது அரிது. வழக்கத்தைவிட நன்றாகக் குறைந்துவிட்டது என்று உங்களுக்கே தெரிந்தால் அந்த இரண்டு மணித்தியாலமும் காத்திருக்க வேண்டாம். குளிர்தண்ணீர் குடித்துப் பார்ப்பதும், தொலைபேசிச் செயலியில் இதயத் துடிப்பைத் தேடுவதும் பரிசோதனைக்கு ஈடாகாது. நள்ளிரவு என்றால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அங்கே வயிற்றில் பட்டி கட்டிப் பிள்ளையின் இதயத் துடிப்பை வரைபடமாக எடுப்பார்கள். பிள்ளை அசையும்போது துடிப்பு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். எல்லாம் சரியென்று வீட்டுக்கு அனுப்பினால் வெட்கப்படாதீர்கள். அடுத்த நாளும் குறைந்தால் அடுத்த நாளும் போங்கள்.

பிறந்ததும் இந்தப் பழக்கமெல்லாம் மாறிவிடுமா?

மாறாது. உடம்பு முழுவதும் நெளியும் அந்த அசைவு, பிறந்து ஆறு முதல் ஒன்பது வாரம் வரை ஏறக்குறைய கருவில் இருந்தபடியே தொடர்கிறது. பிறகு அது சிறு சிறு துறுதுறுப்பாக மாறும். தூங்கும் நேரம், விழிக்கும் நேரம், விக்கல், கொட்டாவி எல்லாமே உள்ளிருந்து வந்தவைதான். ஸ்கான் படத்தை எடுத்து வைத்திருங்கள். நாற்பத்தொன்றாம் நாள் கழிந்து ஆறுதலாக இருக்கும் ஒரு பகலில், பாயில் கிடக்கும் பிள்ளையின் பக்கத்தில் அதை வைத்துப் பாருங்கள். கன்னத்தில் கையை ஊன்றியிருக்கும் விதம் பெரும்பாலும் அதேதான்.